காற்றுப் பட்டை, காலுறை, ஊசி, மாத்திரை: முழங்கால் மாற்றுக்குப் பின் இரத்தம் உறையாமல் காக்க நாங்கள் பணம் கொடுத்தவை

என் அக்காவுக்கு வயது 67. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வலது முழங்கால் மூட்டை மாற்றினார்கள். அங்கேயும், பிறகு காரைக்குடி வீட்டிலேயும் உடனிருந்து கவனித்துக்கொண்டது நான். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், எந்த ரூபாய் எதற்குப் போகிறது என்று பில்லை வரி வரியாகப் படிப்பேன். அந்தப் பில்லில் உள்வைப்பு (உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டு), அறுவை அரங்கு, அறை வாடகை எல்லாம் பெரிய எண்கள். நடுவே சிறிய எண்களாக நான்கு வரிகள்: கால் அமுக்கும் இயந்திரம், காலுறை, எனாக்சபாரின் ஊசி, ரிவராக்சபான் மாத்திரை. நான்கும் ஒரே வேலைக்குத்தான். காலில் இரத்தம் உறைந்து, அந்த உறைகட்டி நுரையீரலுக்கு ஏறிவிடாமல் தடுப்பது.

மூட்டு மாற்றப் போகிறவர்கள் உள்வைப்பு எந்த நிறுவனத்துடையது, எத்தனை ஆண்டு உழைக்கும் என்று ஊர் முழுக்க விசாரிக்கிறார்கள். உள்வைப்பு விலைக்கு 2017 ஆகஸ்டிலேயே மத்திய அரசு உச்சவரம்பு விதித்துவிட்டது. அதைப் பற்றிக் கேள்வி கேட்க எல்லோருக்கும் தெரிகிறது. இந்த நான்கு வரிகளைப் பற்றி எங்கள் உறவில் ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில், இது ஏன் தேவை என்பது. இரத்தம் குழாய்க்குள்ளேயே உறைவதற்கு மூன்று காரணங்கள் உண்டு: ஓட்டம் தேங்குவது, குழாயின் சுவர் அடிபடுவது, இரத்தமே உறையும் குணம் கூடுவது. ருடால்ஃப் ஃபிர்கோ என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் இந்த மூன்றும் இன்றும் சொல்லப்படுகின்றன. மூட்டு மாற்றில் மூன்றும் ஒன்றாக வந்துவிடுகின்றன. எலும்பை அறுக்கிறார்கள், பெரும்பாலும் தொடையில் பட்டை இறுக்கி இரத்த ஓட்டத்தை நிறுத்துகிறார்கள், நோயாளி அசையாமல் படுத்திருக்கிறார், காயத்தை ஆற்றுவதற்காக உடலும் உறையும் சத்துகளைக் கூட்டிக்கொள்கிறது. இது வெள்ளைக்காரர்களுக்கு வரும் தொல்லை, நமக்கு வராது என்று ஒரு காலத்தில் நம் மருத்துவர்களில் பலரே நினைத்திருந்தார்கள். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், ஆசிய நாடுகளில் தடுப்பு மருந்து இல்லாமல் இடுப்பு, முழங்கால் பகுதியில் பெரிய அறுவை செய்துகொண்டவர்களின் காலில் சாயம் செலுத்திப் படம் எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 41 பேருக்கு உறைகட்டி இருந்தது. பெரும்பாலானவை வலியோ வீக்கமோ காட்டாத சிறு கட்டிகள், தானே கரைந்து போகக்கூடியவை. கரையாமல் மேலே ஏறும் ஒன்றிரண்டுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

இனி ஒவ்வொன்றாக.

கால் அமுக்கும் இயந்திரம். கெண்டைக்காலைச் சுற்றிக் கட்டும் இரண்டு பட்டைகள், அவற்றிலிருந்து கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் சிறு பெட்டிக்குப் போகும் குழாய்கள். பெட்டி மாறி மாறிக் காற்றை நிரப்பிப் பட்டையை இறுக்கும், பிறகு தளர்த்தும். நடக்கும்போது கெண்டைச் சதை செய்கிற வேலையைப் படுத்திருப்பவருக்கு இது செய்து கொடுக்கிறது. மருந்து உடம்புக்குள் போவதில்லை. ஆகவே இரத்தக் கசிவு பயமும் இல்லை. குடற்புண் உள்ளவர்கள், ஏற்கெனவே எங்காவது இரத்தம் கசிந்தவர்கள் என்றால் மருத்துவர்கள் முதலில் நாடுவது இதைத்தான்.

அக்காவுக்கு முதல் இரவு இது பெரிய ஆறுதலாக இருந்தது. இரண்டாம் இரவு பட்டைக்குள் வியர்த்து அரித்தது. ஒரு செவிலியர் பட்டைக்குள் மெல்லிய பருத்தித் துணி சுற்றிவிட்டார், சரியாகிவிட்டது. குறை இயந்திரத்தில் இல்லை, பயன்படுத்துவதில் இருக்கிறது. கழிப்பறைக்குப் போகும்போது பட்டையைக் கழற்றுகிறார்கள். திரும்பி வந்து படுத்தபின் மாட்ட ஆள் வேண்டும். கழற்றி வைத்த பட்டை யாருடைய காலையும் காப்பதில்லை. எங்கள் வார்டின் இரவுச் செவிலியர் ஒவ்வொரு முறை வரும்போதும் முதலில் பெட்டியின் விளக்கைத்தான் பார்ப்பார். அப்படி ஓர் ஆள் இல்லாத இடத்தில் உடனிருப்பவர் அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு இதை வாடகைக்குத் தருகிறோம் என்று ஒரு கடைக்காரர் தொலைபேசியில் கேட்டார். வேண்டாம் என்றேன். எழுந்து நடக்கத் தொடங்கியவருக்கு நடைதான் தேவை, அக்கா அறுவை நடந்த மறுநாள் காலையிலேயே நடைச்சட்டத்தைப் பிடித்து அறைக்குள் நடந்துவிட்டார்.

காலுறை. இதைப் பற்றி எனக்குக் கோபம் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை.

படுக்கையில் இருப்பவர்களுக்கான உறைவுத் தடுப்புக் காலுறை வேறு, காலில் நரம்பு சுருண்டு புடைக்கும் வெரிகோஸ் தொல்லைக்குப் போடும் இறுக்கமான காலுறை வேறு. முதல் வகை கணுக்காலில் சற்றுக் கூடுதலாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இலேசாக அமுக்கும். இரண்டாவது வகை நின்று நடப்பவர்களுக்கானது, அழுத்தமும் அதிகம். இரண்டும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. மருத்துவமனைக்கு எதிரே இருந்த ஒரு கடையில் சீட்டைக் காட்டியதும், கடைப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நோயாளி ஒல்லியா, குண்டா?” என்று கேட்டான். “நடுத்தரம்” என்றேன். நடுத்தர அளவு என்று அச்சிட்ட பெட்டி ஒன்று மேசைக்கு வந்தது. அளவு நாடா எடுக்கவில்லை. பெட்டியின் பின்புறத்திலேயே அட்டவணை இருக்கிறது: கணுக்காலின் சுற்றளவு, கெண்டையின் பருத்த இடத்துச் சுற்றளவு, தொடைவரை வரும் உறை என்றால் தொடைச் சுற்றளவு, காலின் நீளம். அளவெடுக்காமல் இதை விற்பது, பார்வையைச் சோதிக்காமல் மூக்குக்கண்ணாடி விற்பது போன்றது. விலை ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். பிரித்தால் திரும்ப எடுப்பதில்லை.

போட்டுப் பார்த்ததும் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே விளிம்பு சுருண்டு கயிறு போல இறுகியது. அப்படி இறுகும் உறை இரத்தத்தை மேலே போகவிடாமல் தடுக்கும். எதைத் தடுக்க வாங்கினோமோ அதற்கே வழி வகுத்துவிடும். வார்டுச் செவிலியர் பார்த்த உடனே கழற்றச் சொல்லிவிட்டு, மருத்துவமனையிலேயே அளவெடுத்துத் தரும் ஒருவரை வரவழைத்தார். அவர் நாடாவோடு வந்தார். அறுவை நடந்த காலையும் நடக்காத காலையும் தனித்தனியே அளந்தார், ஏனென்றால் வீங்கிய காலின் அளவு வேறு. பாதத்தில் தொட்டு நாடி பார்த்தார். சர்க்கரை நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது, கால் மரத்துப்போகிறதா என்று கேட்டார். கால் தமனியில் அடைப்பு உள்ளவர்களுக்கும், சர்க்கரையால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இந்த உறை புண்ணை உண்டாக்கிவிடும் என்பதை அவர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். நம் ஊரில் மூட்டு மாற்றிக்கொள்ளும் வயதில் சர்க்கரை இல்லாதவர்கள் குறைவு. எதிர்க்கடையில் இந்தக் கேள்வி எதுவுமே எழவில்லை.

சரியான அளவு வந்தபின் காலுறை தொந்தரவு தரவில்லை. நாளுக்கு ஒருமுறை கழற்றிக் காலைக் கழுவித் துடைத்து, குதிகாலிலும் கணுக்காலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டினோம். ஆனால் இதன் பலன் எவ்வளவு என்றால், பெரிதாகச் சொல்ல முடியாது. பிரிட்டனில் அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, தடுப்பு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் காலுறை கூடுதலாக எதையும் தரவில்லை என்று காட்டியது. மருந்து எடுக்க முடியாதவர்களுக்கு இயந்திரமும் காலுறையும் துணை. மருந்தை ஒழுங்காக எடுப்பவர், மருத்துவர் கட்டாயம் என்று சொல்லாவிட்டால், இந்த ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தலாம் என்பது என் எண்ணம்.

எனாக்சபாரின் ஊசி. மருந்து அடைத்தே வரும் சிறு ஊசி. அக்காவுக்கு 40 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. அறுவை காலையில் முடிந்தது, முதல் ஊசி இரவு ஒன்பது மணிக்கு. ஏன் இவ்வளவு நேரம் கழித்து என்று கேட்டேன். முதுகுத் தண்டில் மரத்துப்போகும் ஊசி போட்டிருப்பதால், அந்த இடத்தில் இரத்தம் கசியாமல் இருக்க இடைவெளி விட வேண்டும் என்று மயக்க மருத்துவர் விளக்கினார். கேட்ட கேள்விக்கு நின்று பதில் சொன்னார். அந்த மருத்துவமனைக்கு நான் தரும் மதிப்பெண்ணில் அதற்கும் பங்கு உண்டு.

வயிற்றில், தொப்புளிலிருந்து தள்ளி, தோலை மடித்துப் பிடித்து நேராகக் குத்துகிறார்கள். ஒருநாள் இடம், மறுநாள் வலம். ஊசிக்குள் தெரியும் காற்றுக் குமிழை வெளியேற்றக் கூடாது. அது மருந்து முழுவதையும் உள்ளே தள்ளுவதற்காகவே வைக்கப்பட்டது. குத்திய இடத்தைத் தேய்க்கவும் கூடாது, தேய்த்தால் கன்றிப்போகும். தேய்க்காமலேயே அக்காவின் வயிற்றில் ஒன்றிரண்டு நீலத் திட்டுகள் வந்தன, தானாக மறைந்தன. வலி என்று அக்கா சொன்னது முழங்காலைத்தான், இந்த ஊசியை அல்ல.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு செய்தி. எனாக்சபாரின் உள்ளிட்ட ஹெப்பாரின் வகை ஊசிகள் பன்றிக்குடலின் உட்படலத்திலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டு செய்யப்படுகின்றன. அக்கா அறுபது ஆண்டுகளாகக் கவுச்சி தொடாதவர். தெரிந்தபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உயிரைக் காக்கிற மருந்து, போடட்டும் தம்பி” என்றார். அவர் அப்படிச் சொன்னார். வேறொருவர் வேறு மாதிரி நினைக்கலாம், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. ஃபோண்டாபாரினக்ஸ் என்ற ஊசி முழுக்கச் செயற்கை, மாத்திரைகளும் இருக்கின்றன. மதக் காரணத்தாலோ உணவுக் காரணத்தாலோ இது முக்கியம் என்றால் அறுவைக்கு முந்தைய சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். அரங்கிலிருந்து வெளியே வந்தபின் கேட்பது எல்லோருக்கும் சங்கடம்.

சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இந்த ஊசியின் அளவைக் குறைக்க வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தச் சோதனையின் பழைய சீட்டு இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

ரிவராக்சபான் மாத்திரை. நான்கில் மிகச் சிறந்தது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். வீடு திரும்பிய நாளில், இரவு ஊசி போட வேண்டிய நேரத்தில் ஊசிக்குப் பதிலாக 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. பிறகு தினமும் அதே நேரம் ஒன்று. வீட்டுக்குச் செவிலியரை வரவழைக்க வேண்டியதில்லை, பழைய வார்ஃபரின் மாத்திரைக்குப் போல அடிக்கடி இரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டியதில்லை, கீரை சாப்பிடலாமா என்ற குழப்பமும் இல்லை. 10 மில்லிகிராம் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னும் விழுங்கலாம், பின்னும் விழுங்கலாம்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. இதை எடுக்கும் நாட்களில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தானாக வாங்கி விழுங்கக் கூடாது, இரத்தக் கசிவு கூடும். மூட்டு வலி என்று மருந்துக்கடையில் சொன்னால் முதலில் கையில் கொடுப்பது இவற்றைத்தான். மலம் தார் போலக் கறுத்தால், ஈறில் இரத்தம் நிற்காமல் வந்தால், தையல் வழியே துணி நனையும் அளவு கசிந்தால், உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

இப்போது நான் இந்த மதிப்புரையை எழுதியதற்கே காரணமான விஷயத்துக்கு வருகிறேன். மருந்து எத்தனை நாள்?

முழங்கால் மாற்றுக்கு ரிவராக்சபான் இரண்டு வாரம், இடுப்பு மாற்றுக்கு ஐந்து வாரம் என்பது பொதுவான கணக்கு. எங்கள் சீட்டில் ‘14 நாட்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தது. அறுவை நாளிலிருந்து பதினான்கா, வீடு வந்த நாளிலிருந்து பதினான்கா? ஊசி போட்ட நாட்கள் கணக்கில் சேருமா? மருந்தகத்தில் கேட்டேன், “பத்து மாத்திரை கொண்ட அட்டை ஒன்று தருகிறோம், தீர்ந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். பத்தோடு நிறுத்திவிடும் குடும்பங்கள் எத்தனை இருக்கும் என்று அப்போதே நெஞ்சு பதைத்தது. அட்டை தீர்ந்தால் மருந்து தீர்ந்தது என்றுதான் நம் வீடுகளில் நினைப்பார்கள். அதிலும் காயம் ஆறி, வலி குறைந்து, நடக்கவும் முடிகிறபோது யார் தொடர்ந்து வாங்குவார்கள்?

ஆனால் உறைகட்டி அட்டையைப் பார்த்து வருவதில்லை. கலிஃபோர்னியாவில் மூட்டு மாற்றிக்கொண்டவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார்கள். உறைகட்டி கண்டுபிடிக்கப்பட்ட நாளின் நடுப்புள்ளி, அதாவது பாதிப்பேருக்கு அதற்குள்ளும் மீதிப்பேருக்கு அதற்குப் பிறகும் தெரிய வந்த நாள், முழங்காலுக்கு 7ஆம் நாள், இடுப்புக்கு 17ஆம் நாள். இடுப்பு மாற்றியவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிய வந்திருக்கிறது. மருத்துவமனைக் கட்டிலில் அத்தனை பேர் காவல் இருக்கும்போது அல்ல, வீட்டில், உறவினர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வருகிற நாட்களில்.

இரவுச் செவிலியரிடமே மறுபடி போனேன். அவர் அறுவை மருத்துவரிடம் கேட்டு, ஒரு தாளில் பேனாவால் கட்டம் போட்டு, ஒவ்வொரு நாளின் தேதியையும் எழுதி, கடைசிக் கட்டத்தில் ‘இந்த இரவு மாத்திரையோடு முடிகிறது’ என்று தமிழில் எழுதிக் கொடுத்தார். அக்கா மாத்திரை போட்டதும் தன் கையாலேயே கட்டத்தில் டிக் அடித்தார். ஒரு நாள் விட்டுப்போனால் நினைவு வந்தவுடன் அன்றைக்கே போட வேண்டும், மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது என்றும் கீழே எழுதியிருந்தார். பில்லில் இந்தத் தாளுக்கு விலை இல்லை. நாங்கள் பெற்றவற்றில் அதற்கு இணையானது எதுவும் இல்லை. ஒவ்வொரு மருத்துவமனையும் மருந்துச் சீட்டில் நாட்களின் எண்ணிக்கைக்குப் பதிலாக முடியும் தேதியை அச்சிட வேண்டும். கணினியில் ஒரு வரியைச் சேர்க்கும் வேலை அது.

காரைக்குடியில் எங்கள் தெருவின் மருந்துக்கடையில் 10 மில்லிகிராம் இருப்பில் இல்லை. 20 இருக்கிறது, பாதியாக உடைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டுப் பேருந்து நிலையம் பக்கம் போய் வாங்கினேன். தேவையான முழு எண்ணிக்கையையும் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போதே வாங்கிக்கொள்வது நல்லது.

பயணத்தைப் பற்றி இயன்முறை மருத்துவர் சொன்னது உதவியது. மதுரையிலிருந்து மேலூர் வழியாகக் காரில் வரும்போது திருப்பத்தூரில் நிறுத்தி அக்காவை இறக்கிச் சற்று நடக்க வைத்தோம். காரில் இருந்தபோதும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே வந்தார். வீட்டில் மணிக்கு ஒருமுறை அதே பயிற்சி, தண்ணீர் போதுமான அளவு.

வீட்டுக்கு வந்தபின் நான் எதிர்பாராத தொல்லை அன்பால் வந்தது. எதிர்வீட்டு ஆச்சி தைலத்தோடு வந்து, வீங்கிய கெண்டைக்காலை நீவிவிடுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். அவர் கை பட்டால் சுளுக்குப் பறந்துவிடும் என்று தெருவுக்கே தெரியும். ஆனால் உள்ளே உறைகட்டி இருந்து, அந்தக் காலை நீவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். “டாக்டர் தொடவே கூடாது என்று சொல்லியிருக்கிறார் ஆச்சி, பிறகு உங்களைத்தான் கூப்பிடுவோம்” என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பினோம். உங்கள் வீட்டுக்கும் ஓர் ஆச்சி நிச்சயம் வருவார். முன்கூட்டியே பதில் தயாராக இருக்கட்டும்.

அதே வாரம் ஒரு மாலையில் வீக்கம் கூடியதாகத் தோன்றி, கெண்டையை அழுத்தினால் வலிக்கிறது என்றார் அக்கா. மருத்துவமனை கொடுத்திருந்த எண்ணுக்குப் பேசினேன். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருமலில் இரத்தமோ இருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் இன்றே காலின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள் என்றார்கள். உறைகட்டி கரையும்போது இரத்தத்தில் கூடும் பொருளை அளக்கும் டி-டைமர் சோதனை எடுக்கட்டுமா என்று கேட்டேன். அறுவைக்குப் பிறகு அது எல்லோருக்கும் கூடித்தான் இருக்கும், பயன்படாது என்றார்கள். உள்ளூர் ஸ்கேன் நிலையத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் என்றாலும் காத்திருந்து எடுத்துக் கொடுத்தார்கள். சக்கர நாற்காலி வாசல்வரை வந்தது. உறைகட்டி இல்லை, அறுவையால் வந்த சாதாரண வீக்கம். அந்த ஸ்கேன் கட்டணம் வீண் என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை.

பலரும் என்னிடம் கேட்டது: எங்களுக்கு வெறும் ஆஸ்பிரின்தானே எழுதினார்கள், நாங்கள் ஏமாந்துவிட்டோமா? இல்லை. கனடாவில் 2018இல் வெளியான ஆய்வில், எல்லோருக்கும் முதல் ஐந்து நாள் ரிவராக்சபான் கொடுத்து, பிறகு பாதிப்பேருக்கு 81 மில்லிகிராம் ஆஸ்பிரினுக்கு மாற்றினார்கள். 3,400க்கும் மேற்பட்டவர்கள். அறிகுறியோடு உறைகட்டி வந்தது ஆஸ்பிரின் பக்கம் 0.64 சதவீதம், ரிவராக்சபான் பக்கம் 0.70. வேறுபாடே இல்லை. ஆனால் 2022இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், தொடக்கத்திலிருந்தே ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களுக்கு 3.45 சதவீதம், எனாக்சபாரின் ஊசி போட்டவர்களுக்கு 1.82. கூடுதலாக வந்தவற்றில் பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழே வந்த கட்டிகள்தான் என்றாலும், ஊசிக்கு ஈடு என்று ஆஸ்பிரினைச் சொல்ல அந்த ஆய்வு இடம் தரவில்லை. பிரிட்டனின் வழிகாட்டுதலில் முழங்காலுக்கு 14 நாள் ஆஸ்பிரினும் ஒரு வழியாக இருக்கிறது. ஆகவே முன்பு கட்டி வந்தவர், புற்றுநோய் உள்ளவர், மிகப் பருமனானவர் என்றால், எனக்கு ஏன் ஆஸ்பிரின் மட்டும் என்று மருத்துவரிடம் கேட்பது நியாயம். மற்றவர்கள் விலை குறைவு என்பதற்காகவே அதைச் சந்தேகிக்க வேண்டாம்.

அக்காவுக்கு இடது முழங்காலும் தேய்ந்திருக்கிறது. ஆடி கழிந்து செய்யலாம் என்று பேசியிருக்கிறோம். அதே மருத்துவமனைக்குத்தான் போவோம். இயந்திரம் வைக்கச் சொல்வோம். காலுறை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்போம். வேண்டுமென்றால் நாடாவோடு வந்தவரிடம்தான் வாங்குவோம். ஊசியும் மாத்திரையும் முன்போலவே. தேதிகள் எழுதிய தாளை இந்த முறை அரங்குக்குள் போகும் முன்பே கேட்டு வாங்கிவிடுவேன்.